கால் அகப்பட்ட ஓடை

மகளுக்கு அப்போது ஆறு வயது. அவளோடு படிக்கும் ஒரு பிள்ளையின் பிறந்தநாள் என்று, மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அவளை ஒரு சின்னக் கிராமத்துக்குக் கொண்டுபோய் விட்டோம். ஜெர்மனியின் ஆஹென் நகரத்துக்குத் தெற்கே மலையும் காடுமாக ஏறிப்போகிற பக்கம் அது. பிறந்தநாள் வீட்டுத் தாய் வாசலில் நின்று, பின்னேரம் ஆறு மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போனால் போதும் என்றார். மகள் எங்களுக்குக் கையும் காட்டாமல் உள்ளே ஓடிவிட்டாள்.

வீட்டுக்குப் போய்த் திரும்பி வருவது வீண் அலைச்சல். "கொஞ்சம் நடப்பம்" என்றார் என் கணவர்.

அவர் நடக்கிற ஆள் இல்லை. பிஸ்கட் தொழிற்சாலையில் மாறி மாறி ஷிப்ட் நின்று வேலை செய்பவர். ஓய்வு நாளில் சோபாவை விட்டு எழும்பமாட்டார். அப்படிப்பட்டவர் நடப்போம் என்கிறார் என்றால், மகளின் காதில் விழக்கூடாத ஏதோ ஒன்றைச் சொல்லப்போகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. என்ன சொல்லப்போகிறார் என்பதும் பாதி விளங்கியிருந்தது.

மார்கழியில் அவர் தனியாக யாழ்ப்பாணம் போய் வந்திருந்தார். சண்டை நின்று, பாதை திறந்து, ஜெர்மனியில் இருந்த எங்கள் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக ஊருக்குப் போய்வந்த காலம் அது. எண்பதுகளின் நடுவில் புறப்பட்டவர் அதற்குப் பிறகு அப்போதுதான் முதல் தடவையாகப் போனார். திரும்பி வந்ததிலிருந்து, எங்கள் வீட்டுக்குள் வாடகைக்கு இருப்பவர் போல நடமாடினார். மகளின் அறைக்கு ஒரு அலுமாரி வாங்கவேண்டும் என்றால், "இப்ப என்னத்துக்கு" என்பார். நீச்சல் வகுப்புக்குப் பதியவேண்டும் என்றால், "பாப்பம்" என்பார். இரவில் ஊரில் உள்ள தமையனோடு நெடுநேரம் தொலைபேசியில் கதைப்பார். நான் அறைக்குள் வந்தால் குரல் தணிந்துவிடும்.

கிராமத்தின் கடைசி வீட்டைத் தாண்டியதும் காடு தொடங்கியது. ஓடை ஒன்று பாதையோடு கூடவே வந்தது. சாதாரணமாக முழங்கால் அளவுக்கும் வராத ஓடையாக இருக்கவேண்டும். அன்று மேலே மலையில் பனி கரைந்து, தேத்தண்ணி நிறத்தில் நுரைத்துக்கொண்டு ஓடியது. மரங்களில் இன்னும் இலை இல்லை. நிழல் விழும் இடங்களில் அழுக்குப் பனி திட்டுத் திட்டாகக் கிடந்தது. ஓடைக்கரைச் சேற்றுக்குள்ளிருந்து மட்டும் ஏதோ ஒரு செடி இளஞ்சிவப்பாகத் தடித்த பூக்குலையைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. வெயில் இருந்தது, சூடு இல்லை. நான் சால்வையை இறுக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தேன். பாதை இருவர் சேர்ந்து நடக்கிற அகலம் இல்லை.

சிறிது தூரத்தில் பாதைக்குக் குறுக்கே சிவப்பும் வெள்ளையுமான நாடா கட்டியிருந்தது. மரம் வெட்டுகிறார்கள், உள்ளே வந்தால் உயிராபத்து என்று ஒரு பலகை.

"திரும்புவம்" என்றேன்.

"இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆர் மரம் வெட்டப்போறான்?" என்று நாடாவைத் தூக்கிப் பிடித்தார். நான் குனிந்து உள்ளே போனேன். அவர் வாயைத் திறந்து சொல்லிவிட்டால் போதும் என்றுதான் எனக்கு இருந்தது.

அவர் முன்னால் நடந்தார். எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டுவதும் நிறுத்துவதுமாக இருந்தது.

"நான் ஷெஃப்பிட்டை சொல்லிப்போட்டன்" என்றார் திரும்பிப் பார்க்காமல். அவருடைய பகுதிக்குப் பொறுப்பானவரை அவர் அப்படித்தான் சொல்வார்.

"என்னத்தை?"

"ஆடியோட வேலையை விடப்போறன் எண்டு. லீவு தொடங்கக் கையோட போனமெண்டால், தையில அங்க பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில சேர்க்கலாம்."

நான் நின்றுவிட்டேன். அவர் இன்னும் நாலைந்து அடி நடந்து, நான் வரவில்லை என்று தெரிந்து நின்றார்.

"என்னட்டைக் கேட்டனீங்களோ?"

"இப்ப சொல்லுறன் தானே."

"சொல்லுறதும் கேக்கிறதும் ஒண்டோ?"

அவர் கையை விரித்தார். கோபமாகக் கதைப்பார் என்று நினைத்திருந்தேன். அவரோ கெஞ்சுகிற மாதிரிக் கதைத்தார். அது எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. "நீர் ஒருக்கா யோசிச்சுப் பாரும். அங்க கடைத்தெருவில நிக்கேக்க ஆக்கள் என்ரை பேரை ஒழுங்காச் சொல்லிக் கூப்பிடினம். இஞ்ச இத்தினை வருசமா ஒருத்தனுக்கும் அது வாயில வரேல்லை. தொழிற்சாலையில எனக்குப் பேரே வேறை. எனக்கு இதுக்குப் பிறகும் ஏலாது."

"சண்டை திரும்பத் தொடங்கினால்?"

"தொடங்காது."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும் சொல்லுகினம். றோட்டுப் போடுறாங்கள். வீடு கட்டுறாங்கள். சனம் வேலியளைக் கூடத் திருப்பி அடைச்சிட்டுது."

"முந்தியும் எல்லாரும் சொன்னவை. இடம்பெயர்ந்த அண்டைக்குக் காலமையும் அப்பா ஆமி இஞ்ச வராது எண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தவர்."

"அது அப்ப."

"நீங்கள் அங்க இருக்கேல்லை" என்றேன்.

அந்த வார்த்தையை நான் அதற்கு முன் ஒருபோதும் அவரிடம் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அது ஒருவரும் தொடாத இடம். அவர் குண்டுகள் விழத் தொடங்கிய காலத்தில் புறப்பட்டு, பெர்லினுக்கு வந்து, முகாம்களில் இருந்து, பாத்திரம் கழுவி, தங்கைமாருக்குச் சீதனம் கொடுத்தவர். நான் எல்லாம் நடந்து முடிகிற வரைக்கும் அங்கே இருந்து, பிறகு அவரைக் கட்டுவதற்காக வந்தவள். அவர் பட்ட பாட்டை நான் கேட்டிருக்கிறேன். நான் பட்டதை அவர் கேட்டதில்லை. கேட்டால் தாங்கமாட்டார் என்றோ, கேட்க உரிமை இல்லை என்று நினைக்கிறார் என்றோ நான் எனக்குள் சமாதானம் சொல்லி வைத்திருந்தேன்.

அவருடைய முகம் இறுகியது. திரும்பி வேகமாக நடக்கத் தொடங்கினார். "இஞ்சாருங்கோ, நில்லுங்கோ" என்றபடி நான் பின்னால் போனேன்.

ஒரு வளைவில் பாதை ஓடையின் ஓரத்துக்கே இறங்கியது. அங்கே வெட்டி விழுத்திய பைன் மரமொன்று கிளைகளோடு பாதையை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதன் நுனி ஓடைக்குள் இருந்தது. கிளைகளுக்குள் புகுந்து போக வழியில்லை. அவர் தண்ணீருக்குள் தெரிந்த கற்களில் கால் வைத்து, நுனியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போக இறங்கினார்.

"அதில போகாதேங்கோ. திரும்பிப் போவம்."

"நீர் திரும்பிப் போம்" என்றார்.

மரத்துக்குக் கீழே, பட்டை உரித்த இன்னொரு தடி குறுக்கே கிடந்ததை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. கல் வழுக்கியபோது அவர் ஒரு கிளையை எட்டிப் பிடித்தார். அவருடைய பாரத்துக்கு மரம் அந்தத் தடியின் மேல் மெதுவாக உருண்டது. அவசரமே இல்லாமல், ஒரு மாடு திரும்பிப் படுப்பதைப் போல உருண்டது. அவர் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் விழுந்தார். ஒரு சத்தம் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "கால்" என்றார்.

நான் சப்பாத்தோடு இறங்கினேன். தண்ணீர் காலைக் கடித்தது. அவர் இடுப்பு வரை தண்ணீரில் இருந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே மரத்துக்கும் அடியில் இருந்த பாறைக்கும் நடுவில் போய்விட்டது. நான் மரத்தைத் தூக்கிப் பார்த்தேன். மலையைத் தூக்குவது போல இருந்தது. அவருடைய கக்கத்துக்குள் கையைக் கொடுத்து இழுத்தேன். அவர் கத்தினார். தண்ணீருக்குள் கையை விட்டுச் சப்பாத்து நாடாவைத் தேடினேன். அது மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஒரு கொம்பை எடுத்து மரத்துக்குக் கீழே கொடுத்து நெம்பினேன். அது உக்கிப்போன கொம்பு. முறிந்தது.

அவருடைய கைபேசி காற்சட்டைப் பையோடு தண்ணீருக்குள் போயிருந்தது. என்னிடம் அந்தக் காலத்தில் கைபேசி இல்லை.

அவருடைய பற்கள் அடிக்கத் தொடங்கின. என் மேலங்கியைக் கழற்றி அவருடைய தோளில் போட்டேன், சால்வையைத் தலையில் கட்டினேன். மேலங்கியின் கீழ்ப்பகுதி உடனே நனைந்து ஓட்டத்தில் இழுபட்டது. நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள். குளிர்ந்துபோன உடம்பு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். முதலில் நடுங்கும். நடுக்கம் நின்றால்தான் பயப்படவேண்டும்.

"நான் போய் ஆரையும் கூட்டிக்கொண்டு வாறன்."

"போகாதையும்." என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஆரும் வருவினம். வெயில் எறிக்குது, நடக்க ஆக்கள் வருவினம்."

"பாதையை அடைச்சுக் கிடக்கு. ஒருத்தரும் வரமாட்டினம்."

அதை அவர் விளங்கிக்கொள்ள ஒரு கணம் எடுத்தது. பிறகு கையை விட்டார். "பிள்ளையை ஆர் கூட்டிக்கொண்டு வாறது?" என்று கேட்டார். அந்த நேரத்திலும் அவருக்கு அது நினைவு வந்தது.

"நான் வந்திடுவன். நித்திரை கொள்ளாதேங்கோ. கதைச்சுக்கொண்டிருங்கோ."

"ஆரோட?" என்றார்.

நான் கரையேறினேன்.

கிராமத்துக்குத் திரும்பிப் போவதா, மேலே ஏறுவதா என்று நின்றபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மேட்டுக்கு மேலே எங்கோ மரம் அரிகிற இயந்திரம். ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் மரம் வெட்டமாட்டார்கள் என்று நம்பி வந்த காட்டில், யாரோ மரம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் நேரே மேட்டில் ஏறினேன். அங்கே பாதை கிடையாது. பழைய சருகும் ஈரமும் காலை வாரியது, கைகளால் வேர்களைப் பிடித்து ஏறினேன். பாதி வழியில் இயந்திரம் நின்றுபோனது.

அந்த அமைதியைப் போல ஒன்றை நான் ஜெர்மனியில் அனுபவித்ததில்லை. எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. கீழே ஓடையின் இரைச்சல் மட்டும். இடம்பெயர்ந்த இரவு மழைக்குள் சனத்தோடு சனமாக நடந்தபோது, அம்மாவின் சேலைத் தலைப்பு என் கையிலிருந்து நழுவி, இருட்டுக்குள் "அம்மா" என்று கூப்பிட்டால் நூறு பேர் திரும்பிய அந்த நிமிடம் அப்படியே நெஞ்சுக்குள் வந்து நின்றது. அன்று அம்மா கிடைத்துவிட்டார். இன்று கூப்பிட்டால் திரும்ப ஒருவருமில்லை.

ஆனாலும் கூப்பிட்டேன். "ஹில்ஃபெ" என்று ஜெர்மனில் உதவி கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னும் ஒரு தடவை அடிவயிற்றிலிருந்து கத்தினேன். மறுபடி ஏறினேன்.

மேட்டின் உச்சியில் ஒரு வண்டிப்பாதை இருந்தது. அதில் பழைய உழவு இயந்திரம் ஒன்றும், விறகு பாதி ஏற்றிய இழுவைப் பெட்டியும் நின்றன. செம்பட்டைத் தாடி வைத்த ஒரு தடித்த மனிதர் அவசர அவசரமாக விறகின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"முடித்துவிட்டேன், முடித்துவிட்டேன். இனிச் சத்தம் வராது" என்றார்.

சத்தம் போடக்கூடாத ஞாயிற்றுக்கிழமையில் இயந்திரம் போட்டதற்குச் சண்டை பிடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். எனக்கு அது பிறகுதான் விளங்கியது. அந்தக் கணத்தில் எனக்கு ஜெர்மன் மொழியே மறந்துபோயிற்று. ஒவ்வொரு நாளும் முதியவர்களோடு கதைத்து, அவர்களுடைய மருந்துகளைக் கேட்டு எழுதுகிற எனக்கு, மரம் என்பதற்கு அவர்களுடைய சொல் வரவில்லை. "என் கணவர். தண்ணீர். கால்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு, "மரம், மரம்" என்று தமிழில் சொன்னேன். கையால் உருட்டிக் காட்டினேன். அவர் என்னுடைய சேறு பிடித்த காற்சட்டையையும், மேலங்கி இல்லாத தோளையும் பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வண்டிக்குள்ளிருந்து நீளமான இரும்புக் கம்பி ஒன்றையும் மரம் அரிகிற இயந்திரத்தையும் எடுத்துக்கொண்டு, "எங்கே?" என்றார்.

கீழே இறங்குகிறபோது அவர் என்னை முந்திக்கொண்டு போனார். வளைவில் திரும்பியதும் நான் முதலில் பார்த்தது, என் கணவரின் தலையில் நான் கட்டிய சால்வையை. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"இஞ்சாருங்கோ" என்று கத்தினேன்.

தலை நிமிர்ந்தது. உதடுகள் நீலமாகியிருந்தன. "கதைச்சுக்கொண்டுதான் இருந்தனான்" என்றார். நாக்குத் தடித்தது போல வந்தது பேச்சு. நடுக்கம் இன்னும் இருந்தது. நான் அதைத்தான் பார்த்தேன்.

தாடிக்காரர் தண்ணீருக்குள் இறங்கி மரத்தை ஒரு பக்கமாகப் பார்த்தார், மற்றப் பக்கமாகப் போய்ப் பார்த்தார். அரியும் இயந்திரத்தைக் கரையிலேயே வைத்துவிட்டார். அரிந்தால் மரம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது, இவருடைய தொடைக்கு மேலே ஏறினாலும் ஏறும் என்று எனக்கு மெதுவாக, சொல் சொல்லாகச் சொன்னார். இரும்புக் கம்பியைப் பாறையில் ஊன்றி மரத்துக்குக் கீழே கொடுத்தார். "நான் இப்போது என்று சொன்னதும் நீங்கள் இழுக்கவேண்டும். அவர் கத்தினாலும் விடக்கூடாது."

நான் பின்னால் போய்த் தண்ணீரில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் என் கணவரின் நெஞ்சைக் கட்டிக்கொண்டேன். அவருடைய இதயம் அடிப்பது என் கைகளில் தெரிந்தது.

முதல் தடவை கம்பி வழுக்கியது. மரம் கொஞ்சம் எழும்பித் திரும்பவும் இறங்கியது. அவர் போட்ட சத்தத்தில் என் கைகள் தாமாகவே தளர்ந்தன. தாடிக்காரர் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். ஒரு கல்லைப் புரட்டிக் கொண்டுவந்து கம்பிக்கு அண்டை கொடுத்தார். கம்பியைத் திரும்பக் கொடுக்கிறபோது இரண்டு தடவை இடம் தவறினார். அவருக்கும் பயம் என்று அப்போதுதான் கண்டேன்.

"இப்போது."

நான் இழுத்தேன். அவர் கத்தினார். நான் விடவில்லை. மரத்தின் பிடி விட்டது. நாங்கள் இருவரும் பின்னால் சாய்ந்து தண்ணீருக்குள் விழுந்தோம். என் தலை ஒரு தடவை உள்ளே போய் வந்தது. கண்ணைத் திறந்தபோது அவருடைய கால் என் காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. பாதம் இருக்கவேண்டிய பக்கம் இருக்கவில்லை.

தாடிக்காரர் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினார். மூன்று இடங்களில் நின்று மூச்சு வாங்கினார். விறகின் மேல் இருந்த தார்ப்பாயால் அவரைச் சுற்றி, நான் அவரைப் பிடித்தபடி பெட்டிக்குள் விறகின் மேல் இருக்க, உழவு இயந்திரம் கிராமத்துக்கு இறங்கியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் என் தோளைக் கடித்தார். முதல் வீட்டில் நிறுத்தித் தொலைபேசி எடுத்து அம்புலன்ஸுக்கு அடித்தார்கள். நாங்கள் அதற்குள் ஏறும்போது தாடிக்காரர் என்னிடம் வந்து, விறகை எங்கே வெட்டினேன் என்று யாரும் கேட்டால் உங்களுக்குத் தெரியாது என்றார். நான் தலையாட்டினேன். அவருடைய பெயரைக் கேட்க நினைத்து வாயைத் திறப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஆறு மணி எப்போதோ கடந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து பிறந்தநாள் வீட்டுக்கு அடித்தேன். அந்தத் தாய்க்கு அதற்குள் செய்தி போயிருந்தது, சின்ன ஊர். மகள் இரவுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டாள், இங்கேயே படுக்கட்டும் என்றார். மகளோடு கதைக்கக் கேட்டேன். அவள் வந்து, "அம்மா, எனக்கு இன்னொரு கேக் துண்டு தந்தவை" என்று மட்டும் சொன்னாள். நான் நடைபாதையிலேயே நின்று அழுதேன்.

கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். சித்திரை முழுவதும் அவர் சோபாவில், காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தபடி கிடந்தார். நான் இல்லத்தில் காலை வேலை முடித்துப் பின்னேரம் வந்து சமைப்பேன். ஊருக்குப் போகிற கதையை நாங்கள் இருவரும் எடுக்கவில்லை. அவருடைய ஷெஃப் பார்க்க வந்தபோது ஒரு பெட்டி உடைந்த பிஸ்கட் கொண்டுவந்தார். வேலையை விடுவதென்றால் எழுத்தில் தரவேண்டும், வாயால் சொன்னது கணக்கில் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் எழுத்தில் கொடுக்கவே இல்லை. அந்த வருசம் லீவுக்கு மூவரும் யாழ்ப்பாணம் போனோம். நாலு கிழமையில் திரும்பி வந்தோம். அதற்குப் பிறகு இரண்டு வருசத்தில் அங்கே மறுபடியும் சண்டை தொடங்கியது. "நான் சொன்னேன், பார்த்தீர்களா" என்று அப்போதும் நான் கேட்கவில்லை. அவருக்கு அது சந்தோசமான விசயமாகவா இருந்திருக்கும்?

சோபாவில் அவர் கிடந்த நாட்களில் ஒரு பின்னேரம் நான் கறிக்குக் கோவா இலை அரிந்துகொண்டிருந்தேன். அவர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, "அண்டைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார்.

"எண்டைக்கு?"

"நீங்கள் எல்லாரும் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு."

கத்தியை வைத்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. காலையிலிருந்து தொடங்கினேன். ராணுவம் வராது என்று அப்பா சொன்னதையும், மாலையில் ஒலிபெருக்கியில் எல்லோரையும் போகச் சொல்லி அறிவித்ததையும், அம்மா அடுப்பிலிருந்த சோற்றை இறக்கவா விடவா என்று கேட்டபடி நின்றதையும் சொன்னேன். அவர் இடையில் ஒரு தடவைதான் குறுக்கிட்டார். "சோறு?" என்று கேட்டார். பானையோடு எடுத்துக்கொண்டு போனோம் என்றேன். சனம் பாலத்துக்குக் கிட்ட நெருங்கி நகர முடியாமல் நின்ற இடத்துக்கு வந்தபோது, கீழே பள்ளிக்கூட பஸ் நிற்கிற சத்தம் கேட்டது. மகள் படிகளில் ஓடி வந்தாள். நான் எழுந்து கதவைத் திறக்கப் போனேன். அன்று அதோடு நின்றது.

அடுத்த நாள் நான் வேலையால் வந்து மேலங்கியைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, அவர் சோபாவில் நிமிர்ந்து இருந்துகொண்டு, "நேற்று எதில விட்டனீர்?" என்று கேட்டார்.